வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

அமெரிக்காவில் அரசியல் கட்சிகள் பலமிழந்துவிட்டன என்று ஒரு கட்டுரை படித்தேன். அது சொல்வது பாதிதான் சரி. 1968இல் அப்போதைய துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரி தேர்தலில்கூட (கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் ஓட்டுப் போடும் தேர்தல்) போட்டியிடாமல், கட்சித் தலைவர்களின் ஆதரவால் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். அவரைத் தேர்ந்தெடுத்த சிகாகோ கட்சி மாநாட்டுக்கு வெளியே போராட்டக்காரர்கள்மீது போலீஸ் தடியடி வேறு. அதற்குப் பிறகு வந்த விதிமாற்றங்கள்தான் தேர்வைத் தலைவர்களிடமிருந்து பிடுங்கி வாக்காளர்களிடம் கொடுத்தன. 2016இல் குடியரசுக் கட்சிப் பெருந்தலைகள் பலர் எதிர்த்தும் டிரம்ப்பைத் தடுக்க முடியாமல் போனது இதனால்தான்.

ஆனால் மக்களின் கட்சிப் பற்று குறைந்துவிட்டதா என்ன? அதிபருக்கு ஒரு கட்சி, செனட்டுக்கு இன்னொரு கட்சி என்று ஓட்டைப் பிரித்துப் போடுவது 1970களில் சர்வசாதாரணம். இப்போது அப்படிப் போடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அப்புறம், 2024 ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகியதும் சொந்தக் கட்சித் தலைவர்கள் கொடுத்த நெருக்கடியால்தானே? அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!