‘மீ’ என்று எழுத ஏன் இத்தனை அச்சம்?

நேற்றைய கூட்டத்தில் ஓர் ஆங்கிலச் சுற்றறிக்கையை முன்வைத்து நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். ‘என்னைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்ற பொருளில் அதில் எழுதியிருந்த ‘ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்’ என்பது தவறு என்று நான் சொன்னதற்கு அவ்வளவு சிரிப்பு, அப்படித் திருத்துவது ஆணவம் என்ற பேச்சு வேறு. அங்கே பேச இடம் கிடைக்கவில்லை. இங்கே சொல்கிறேன், அது தவறுதான்.

செயலைச் செய்பவரும் அச்செயல் போய்ச் சேர்பவரும் ஒருவராகவே இருக்கும்போது வருவது ‘மைசெல்ஃப்’. ‘ஐ ப்ளேம்ட் மைசெல்ஃப்’ என்றால் பழித்ததும் நான், பழிக்கு ஆளானதும் நான். தொடர்புகொள்ளப் போகிறவர் நீங்கள் என்றால் அங்கே நான் ‘மீ’ மட்டுமே. ‘ஐ மைசெல்ஃப் ரோட் இட்’ என்று அழுத்தத்துக்காக வருவது வேறு வகை. அதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் குறைபடாது.

பணியில் சேர்ந்த புதிதில் நானும் ஒரு கடிதத்தில் ‘சென்ட் இட் டு த மேனேஜர் அண்ட் மைசெல்ஃப்’ என்று எழுதினேன். மூத்தவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, அந்தச் சொல்லை வட்டமிட்டு, “மேலாளரை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள்” என்றார். ‘சென்ட் இட் டு மைசெல்ஃப்’ என்று படித்ததுமே புரிந்துவிட்டது. ‘மீ அண்ட் ஹிம் வென்ட்’ என்று சொல்லிச் சிறுவயதில் திட்டு வாங்கியவர்கள் ‘மீ’ என்ற சொல்லுக்கே அஞ்சி, அது சரியாக வர வேண்டிய இடத்திலும் ‘மைசெல்ஃப்’ பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். நானும் அப்படி ஒளிந்தவள்தான்.

ஆங்கிலேயரே அப்படி எழுதுகிறார்களே என்பீர்கள். ‘மை வைஃப் அண்ட் மைசெல்ஃப்’ என்று நூற்றாண்டுகளாக எழுதியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் இன்னொரு பெயரோடு இணைந்து வரும் இடம். தனியாக நிற்கும் ‘கான்டாக்ட் மைசெல்ஃப்’ என்பதற்கு அந்த வழக்கு துணைவராது. பொருள் புரிந்தால் போதாதா என்பவர்களுக்கு, எழுத்துப்பிழைக்கும் இதையே சொல்வீர்களா என்று கேட்பதோடு விட்டுவிடுகிறேன்.

‘மைசெல்ஃப்’ பணிவாக ஒலிக்கிறது என்பதுதான் என்னை யோசிக்க வைத்த வாதம். தன்னையே சுட்டும் ‘தான்’ என்பதன் பன்மையான ‘தாங்கள்’ நம் மொழியில் முன்னிலையாரை மதிக்கும் சொல்லாக வளர்ந்திருப்பதால், ‘செல்ஃப்’ என்று முடியும் சொல்லிலும் நாம் மரியாதையைத் தேடுவது இயல்பே. எனினும் அது தமிழின் வளம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அந்த வேலை இல்லை. அதைச் சொல்வது எப்படி ஆணவமாகும்? பிழையென்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பண்பா?

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. சுற்றறிக்கையை எழுதியவரின் அருகில் போய், குரலைத் தாழ்த்தி, அவரிடம் மட்டுமே அதைச் சொன்னேன். அதை எழுந்து நின்று அனைவருக்கும் உரக்கச் சொன்னவர் நானல்ல.