காட்டு பங்களா யார் வீட்டுச் சொத்து?

“யார் சொல்லி வர்றீங்க?”

இந்தக் கேள்வியை இன்னொரு முறை ஒரு வன அலுவலகத்தில் என்னிடம் கேட்டால் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியாது. யாரும் சொல்லி வரவில்லை ஐயா, நானாகத்தான் வந்தேன். சட்டப்படி என்ன கட்டணமோ அதைக் கட்டத் தயாராக இருக்கிறேன். காலியாகக் கிடக்கிற அறையில் ஒரு ராத்திரி குடும்பத்தோடு தங்கிவிட்டுப் போகிறேன் என்கிறேன். இதற்கு எதற்கு ஒரு சிபாரிசு? எதற்கு ஒரு எம்எல்ஏ கடிதம்? அரசாங்கக் காட்டில், அரசாங்கப் பணத்தில் நிற்கிற கட்டடத்துக்குள் நுழைய நான் யாருக்கு மச்சானாக இருக்க வேண்டும்?

நான் ரிசார்ட் கேட்கவில்லை. மலைமேல் இருக்கிற பழைய வன ஓய்வு விடுதிகளைத்தான் சொல்கிறேன். ஓட்டுக் கூரை, ரெட் ஆக்சைடு தரை, கனமான தேக்குக் கதவு, முன்னால் நீளமான வராந்தா, பின்னால் தனியாக ஒரு சமையல்கட்டு, சுற்றிலும் யானை அகழி. கரண்ட் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் சோலார் விளக்கு. செல்போனில் சிக்னல் வராது. அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் அடிவாரத்திலேயே வாங்கிக்கொண்டு போக வேண்டும். இந்த வசதிக் குறைவுக்காகத்தான் நாங்கள் போகிறோம். அதைப் புரிந்துகொள்ளாதவர்கள் கையில்தான் அந்த வீடுகளின் சாவி இருக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மதராஸ் மாகாணத்தில் வனத்துறை 1856-ல் தொடங்கியது. ஹ்யூ கிளெக்ஹார்ன்தான் முதல் வனப் பாதுகாவலர். 1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது, பெரும்பெரும் காடுகள் காப்புக்காடுகளாக அரசாங்கத்தின் கைக்குப் போயின. அந்தக் காடுகளைச் சுற்றிப் பார்க்க அதிகாரிகள் நடந்தும் குதிரையிலும் போனார்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேர ஓர் இடம் வேண்டுமே, அதற்காகக் கட்டிய வீடுகள் இவை. அவர்களுக்கு வழிகாட்டியவர்களும் மூட்டை சுமந்தவர்களும் காடர், மலசர், இருளர், குறும்பர் மக்கள். அவர்கள் காட்டில், அவர்கள் உழைப்பின் மேல் நின்ற வீடுகள் என்று சொல்வதுதான் நியாயம். இன்றைக்கும் அங்கே வாச்சராக, வேட்டைத் தடுப்புக் காவலராகத் தற்காலிகச் சம்பளத்தில் நிற்கிறவர்களில் பலர் அந்த மக்களின் பிள்ளைகள்தான்.

பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலையில் இருக்கிற டாப்ஸ்லிப் போனவர்களுக்கு அங்குள்ள மவுண்ட் ஸ்டூவர்ட் பகுதி தெரிந்திருக்கும். அங்கிருந்து மலைச்சரிவில் தேக்குத் தடிகளை உருட்டிவிட்டு, கீழே சேர்த்து, கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளக் கட்டைகளுக்கும் கொண்டுபோனார்கள். மொட்டையாகிப் போன அந்தக் காட்டைத் திரும்ப எழுப்பிய வன அதிகாரி ஹ்யூகோ உட். மரத்தை வேரோடு பிடுங்காமல் அடிமரத்தை விட்டு வெட்டச் சொன்னார், வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கட்டும் என்று. போகிற இடமெல்லாம் தேக்கு விதை ஊன்றினார். 1933-ல் இறந்தபோது அவர் விருப்பப்படியே அந்தத் தேக்குகளுக்கு நடுவில் புதைத்தார்கள். ‘என் நினைவுச்சின்னம் எது என்று கேட்டால் சுற்றிலும் பார்’ என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி அந்தக் கல்லறையில் இருக்கிறது. சுற்றிலும் பார்க்க ஜனங்களை உள்ளே விட வேண்டாமா?

எனக்கு இந்த ஆத்திரம் சும்மா வரவில்லை. இப்படி ஒரு பங்களாவில் நாங்கள் தங்கியிருக்கிறோம். அப்போது அங்கே ஒரு நல்ல ரேஞ்சர் இருந்தார். நேரில் போய் மனு கொடுத்தோம், தேதியைப் பார்த்தார், பணத்தைக் கட்டச் சொன்னார், ரசீது கொடுத்தார். அவ்வளவுதான் வேலை. மாலையில் போய்ச் சேர்ந்தபோது வாச்சர் அண்ணன் வெளியடுப்பில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். “சீக்கிரம் குளிச்சிருங்க, இருட்டினா அந்தப் பக்கம் போகக் கூடாது” என்றார். நாங்கள் கொண்டுபோன பொருளில் சோறும் மிளகு ரசமும் வைத்து, தேங்காய்த் துவையல் அரைத்தார். எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு வராந்தாவில் உட்கார வைத்தார். பேசக் கூடாது என்று சைகை. கொஞ்ச நேரத்தில் புல்வெளியில் கருப்பாக ஏதோ அசைந்தது. ஒன்றல்ல, ஒரு கூட்டமே. காட்டெருமைகள். அவை புல்லை இழுத்துக் கடிக்கிற சத்தம் ‘சரக், சரக்’ என்று எங்கள் காதுக்கு அத்தனை பக்கத்தில் கேட்டது. வீட்டில் ஒரு நிமிஷம் சும்மா இருக்காத என் பிள்ளைகள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் எங்கோ ஒரு கடமான் கத்தியது. வாச்சர் அண்ணன் எங்களை எழுப்பி உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார். சிறுத்தையாக இருக்கலாம் என்று காலையில்தான் சொன்னார்.

இந்த அனுபவம் பணக்காரனுக்கு மட்டும் உரியது கிடையாது, அதிகாரிக்கு மட்டும் உரியதும் கிடையாது. எந்தப் பள்ளிக்கூடமும் இதைச் சொல்லித்தர முடியாது. ஒரு ராத்திரி காட்டில் வாயை மூடிக்கொண்டு இருந்த பிள்ளை ஆயுசுக்கும் காட்டின் பக்கம் நிற்கும்.

சரி, அப்பாவையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போகலாம் என்று இந்த வருஷம் நினைத்தோம். அவருக்கு முழங்கால் வலி, மலையேற்றம் எல்லாம் முடியாது. ஜீப் போகிற இடத்தில் இருக்கிற பழைய பங்களா என்றால் வராந்தாவில் உட்கார்ந்தாவது பார்ப்பார். இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் முதலில் மாட்டுவது வாச்சர்தான்.

போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் “ஐயா கேம்ப்ல இருக்காரு.” எப்போது வருவார்? தெரியாது. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. நேரில் போனால் அந்த சீட்டில் இருக்கிறவர் லீவு. மறுபடி போனால் “மனுவை வச்சிட்டுப் போங்க.” அதோடு நான் மேலே எழுதிய அந்தக் கேள்வி. எத்தனை அறை இருக்கிறது, எந்தத் தேதி காலி, வாடகை என்ன என்று ஒரு பலகை கிடையாது, ஒரு பதிவேட்டைக் கண்ணில் காட்டமாட்டார்கள். நம் ஊர் கல்யாண மண்டபத்தில்கூட நோட்டைத் திறந்து தேதியைக் காட்டுவான்.

எப்படியோ அலைந்து திரிந்து அனுமதி வாங்கினோம். வண்டி பேசி, சாமான் கட்டி, அப்பாவுக்கு மாத்திரை, ஸ்வெட்டர் எல்லாம் எடுத்துக்கொண்டு சோதனைச்சாவடிக்குப் போனால் கம்பு இறக்கிக் கிடக்கிறது. “விஐபி வர்றாங்க சார், உங்க புக்கிங் கேன்சல்.” யார் அந்த விஐபி? சொல்ல மாட்டார்கள். அரசு வேலையாக வருகிறாரா? இல்லை, குடும்பத்தோடு. எங்களுக்கு முன்கூட்டி ஒரு போன் பண்ணியிருக்கலாமே? அந்தக் காவலர் பாவம், தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எழுபது வயது தாண்டிய மனிதர் வண்டிக்குள் உட்கார்ந்து “விடுப்பா, திரும்பிப் போயிடலாம்” என்று சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத வார்த்தை இல்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெரிய வண்டிகள் வந்தன, கம்பு தூக்கப்பட்டது, போய்விட்டன. கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

அப்படிப் போகிறவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இதைக் காட்டோரம் இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்பீக்கர், பாட்டு, குடி. ராத்திரி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு யானை பார்க்கப் போக வேண்டும் என்று அடம். கோழி வேண்டும், மீன் வேண்டும் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு வாச்சரைக் கீழே விரட்டுவது. அந்த நேரத்தில் அந்தப் பாதையில் யானை நிற்கும் என்று அவருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கவலை இல்லை. அவர் முடியாது என்று சொல்ல முடியாது, சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. ஒரு மனிதனின் உயிரைப் பொரித்த கோழிக்காகப் பணயம் வைக்கிற திமிரை என்னால் மன்னிக்க முடியாது.

காலையில் பார்த்தால் பாட்டில்கள் அகழியில் கிடக்கும். உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால் என்ன ஆகும் தெரியுமா? அந்தப் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். நடக்க முடியாத யானை தீனிக்கும் தண்ணீருக்கும் போக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். நீலகிரியில் டாஸ்மாக் மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தருகிற முறை 2022-ல் வந்தது. அதுவும் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான். காட்டுக்கு நடுவிலேயே, வனத்துறையின் சொந்தக் கட்டடத்துக்குள்ளேயே பாட்டில் போகிறதே, அதை யார் தடுப்பது? எங்கள் பையைக் கொட்டி பிஸ்கட் கவரை எண்ணுகிற சோதனைச்சாவடி அந்த வண்டிகளின் டிக்கியைத் திறக்கச் சொல்லட்டும்.

இன்னொரு கொடுமை, புதுப்பிக்கிறேன் என்று அந்த வீடுகளைச் சீரழிப்பது. வருகிற பெரிய மனிதர்களுக்கு ஏசி வேண்டும், அதனால் கூரைக்கு அடியில் பால்ஸ் சீலிங். காற்று மேலே போய் வெளியேறட்டும் என்று உயரமாக வைத்த கூரை அதோடு வீணாகிப்போனது. நூறு வருஷம் தாங்கிய ரெட் ஆக்சைடு தரையின் மேல் வழுக்குகிற பளபள டைல்ஸ். மழையில் ஈரம் கக்கி மூச்சுவிட்ட சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசி, அதன் மேல் பெயிண்ட் அடித்து, அடுத்த மழைக்காலத்திலேயே உப்பி உரிகிறது. நான் பார்த்த பங்களாவில் தேக்குச் சட்டம் போட்ட ஜன்னலைக் கழற்றிவிட்டு அலுமினியம் போட்டிருந்தார்கள். கழற்றிய ஜன்னல்கள் கொல்லைப்புறத்தில் கரையான் அரித்துக் கிடந்தன. அதற்கு ஒரு டெண்டர், ஒரு பில், ஒரு திறப்பு விழாக் கல்வெட்டு! அங்கே பழைய கீலுக்கு எண்ணெய் போட ஒரு தச்சரும், உடைந்த ஓட்டை மாற்ற ஒரு கொத்தனாரும்தான் தேவைப்பட்டார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: ஜனங்களை விட்டால் காடு கெட்டுவிடும். காடு கெடக் கூடாது என்பதில் எனக்கு உங்களைவிட அக்கறை குறைவில்லை. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு இடைக்காலத் தடை போட்டது, அக்டோபரில் விதிமுறைகளோடு நீக்கியது. ஒரு இடம் மூடப்பட வேண்டும் என்றால் மூடுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் எல்லாருக்கும் மூடுங்கள். மாவட்டத்தின் பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை வந்தால் மட்டும் அந்தக் காட்டுக்கு ஒன்றும் ஆகாதா? எந்தப் புலி அவர்களிடம் சம்மதம் சொன்னது?

முடியாத காரியமும் இல்லை இது. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்துக்குள், திக்காலா என்ற இடத்தில் ஆங்கிலேயர் காலத்து விடுதியே இருக்கிறது. அறைகளுக்கு இணையத்தில் பதிவு செய்கிறார்கள். வளாகத்தில் மது கூடாது, புலால் கூடாது. மழைக்காலத்தில் அடைத்துவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று நம் மண் வழியாகத்தான் கேரளத்துப் பரம்பிக்குளம் காட்டுக்கே போக வேண்டும். அங்கே கேரள வனத்துறை உள்ளூர்ப் பழங்குடி மக்களை வழிகாட்டிகளாக வைத்துத் தங்கும் இடங்களை நடத்துகிறது, முன்பதிவும் இணையத்தில். நம் முதுமலையிலும் ஆனைமலையிலும் சில அறைகள் இணையத்துக்கு வந்துவிட்டன, அதையும் ஒத்துக்கொள்கிறேன். 2018-ல் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன அத்தனை பேரைப் பலிகொடுத்த பிறகு, 2024-ல் இதே தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளைக் கட்டணம், வழிகாட்டி, இணையப் பதிவு என்று ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. மலைப்பாதைக்கு முடிந்தது நாலு சுவரும் ஒரு பூட்டும் இருக்கிற கட்டடத்துக்கு ஏன் முடியாது? முடியும். செய்தால் ‘நம்மாளுக்கு ஒரு ரூம் போடுப்பா’ என்று போனில் சொல்கிற அதிகாரம் போய்விடும். அதனால்தான் செய்யவில்லை.

பரிசோதனைக்கு வரும் அதிகாரிக்கு ஒரு அறை வேண்டும் என்றால் ஒதுக்குங்கள், எத்தனை அறை என்று எழுதி ஒட்டுங்கள். மீதியை வரிசைப்படி கொடுங்கள். அபராதம் பயங்கரமாக வையுங்கள், சத்தம் போட்டால் ராத்திரியே இறக்கிவிடுங்கள், எங்களையும் சேர்த்துத்தான். வருகிற வாடகையில் ஒரு பங்கு அந்த வாச்சர்களின் கைக்குப் போகட்டும்.

நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிவிட்டேன். 10 ரூபாய் செலவு, 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்டிருப்பது இவ்வளவுதான்: கடந்த ஒரு வருஷத்தில் அந்த விடுதியின் அறைகள் எந்தெந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டன, அதில் அரசுப் பணிக்கு எத்தனை, பணம் கட்டிய பொதுமக்களுக்கு எத்தனை, ரத்து செய்த பதிவுகள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன, ஒவ்வொரு இரவுக்கும் வசூலான தொகை எவ்வளவு, கடைசியாகச் செய்த புதுப்பிப்பு வேலைக்கு மதிப்பீடு எவ்வளவு, கழற்றிய தேக்குச் சாமான்களின் கணக்கு எங்கே. உங்கள் மாவட்டத்திலும் இப்படி ஒரு பங்களா பூட்டிக் கிடந்தால் இதே கேள்விகளை அப்படியே எடுத்து எழுதிப் போடுங்கள்.