பஸ்ஸில் ஏறிய அம்மம்மாக்களைத் திட்டுகிறவர்களுக்கு

இந்தக் கிழமை முழுக்க எல்லா வட்சப் குழுவிலும் அந்த வீடியோதான். ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரமான பிக்கரிங்கில், கசினோ என்கிற சூதாட்டக்கூடத்தின் வாசலில் நாலு தமிழ் அம்மம்மாக்கள் பஸ்ஸால் இறங்குகிறார்கள், எடுத்தவர் பின்னால் நின்று சிரிக்கிறார். (தம்பி, வேலைநாள் பின்னேரம் உங்களுக்கு அந்த வாசலில் என்ன அலுவல்?) கீழே "இனத்தின் மானம் போச்சு" என்று கருத்துகள்.

மானம் போனது இருக்கட்டும். அது யாருடைய கடை என்று ஒருவராவது கேட்டீர்களா?

அரசாங்கத்தின் கடை. உள்ளே அன்றாடம் பார்த்துக்கொள்வது தனியார் கம்பனிதான். ஆனால் 1985இல் திருத்திய கனடாக் குற்றவியல் சட்டப்படி, மெஷின் வைத்துச் சூதாட்டம் நடத்தும் உரிமை மாகாணத்துக்கு மட்டுமே. நானும் நீங்களும் செய்தால் குற்றம், எங்கள் ஒன்ராறியோ மாகாணம் செய்தால் வருமானம்.

1994இல் அமெரிக்க எல்லையோர வின்சரில் ஒன்ராறியோவின் முதல் கசினோவைத் திறந்தபோது என்ன சொன்னார்கள்? ஆற்றுக்கு அந்தப் பக்கத்து டெட்ரோயிட்காரர் வந்து காசைக் கொட்டுவார்கள் என்றார்கள். கொட்டினார்கள்தான். ஆனால் 1999இல் டெட்ரோயிட் தனக்கென்று கசினோ திறந்துவிட்டது, பிறகு அவர்கள் ஏன் ஆறு தாண்ட வேண்டும்? நயாகராக் கசினோவுக்காவது நீர்வீழ்ச்சி பார்க்க வெளியூர்ச் சனம் வரும். 2013இல் ரொறன்ரோ நகரசபை தன் நகர மையத்தில் கசினோ வேண்டாம் என்று வாக்களித்தது. 2021இல் பிக்கரிங்கில் திறந்தார்கள். ஒரு பக்கம் ஸ்காபரோ, மறுபக்கம் ஏஜக்ஸ். தமிழர் நாங்கள் கடன் எடுத்து வீடு வாங்கிய இடங்கள். அங்கே எந்தச் சுற்றுலாக்காரர் வருவார்?

என் பெரியம்மாவும் போனவர்தான். ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற ராமா கசினோவுக்கு ஸ்காபரோவில் இருந்து பஸ் ஓடிய காலம். ஒருமுறை நானும் கூடப் போனேன். கழுத்தில் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு சுருள் வயர், அதன் நுனியில் இருந்த கசினோ கார்ட் சூதாட்ட மெஷினுக்குள். எழும்பினால் வயர் இழுக்கும். "வீட்டில எல்லாரும் வேலைக்குப் போனாப் பிறகு சுவரோடயா கதைக்கிறது? இங்க சூடா இருக்கு, நாலு சனம் இருக்கு" என்றார். கொஞ்ச நாளில் கையில் காப்பு ஒன்று குறைந்திருந்தது. கழன்று விழுந்துவிட்டதாம்.

"யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே" என்பீர்கள். பஸ்ஸை வாசலுக்கு அனுப்பி, சாப்பாட்டுக் கூப்பனும் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

"அரசாங்கம் நடத்தாவிட்டால் ரௌடிகள் நடத்துவார்கள்." சரி, நியாயம்தான். ஆனால் ரௌடியிடம் காசை விட்டவரை நீங்கள் பாவம் என்பீர்கள். அரசாங்கத்திடம் விட்டால் மானம் கெட்டவர்!

"அந்தக் காசு ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறது." அடடா. ஆஸ்பத்திரிக்குக் காசு வேண்டுமென்றால் வரி போடட்டும், எல்லாரும் கட்டுவோம். தனிமையில் கிடக்கிற கிழவியின் பென்சனில் இருந்துதான் எடுக்க வேண்டுமா? வேலைவாய்ப்பு என்கிறவர்களோடு இன்னொரு நாள் கதைக்கிறேன்.

விளையாட்டை விட முடியாதவர்கள் தங்களை உள்ளே விடவேண்டாம் என்று பதிந்துவைக்கலாம், கமரா முகத்தைக் கண்டுபிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதையும் அம்மம்மாவே போய்க் கேட்க வேண்டும். பஸ் மட்டும் கேட்காமலே வரும்.

கசினோ இருக்கிற நகரத்துக்கு வருமானத்தில் பங்கு போகிறது. அந்தக் காசில் பின்னேரம் வயதானவர்கள் கூடியிருந்து தேத்தண்ணி குடிக்க ஒரு மண்டபம் கேட்டீர்களா? எங்கள் கோவில்களும் சங்கங்களும் கேட்டனவா? மேடைக்கு வந்த அரசியல்வாதிக்குப் பொன்னாடை போர்த்தவே நேரம் போதவில்லை. பெரியம்மாவின் செத்தவீட்டில் "அவ கசினோவுக்குப் போறவ எல்லோ" என்று என் காதுபடக் கதைத்தவர்களும் அந்தச் சங்கங்களில்தான் இருக்கிறீர்கள்.

அடுத்த முறை வாக்குக் கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவரிடம் இதை நான் கேட்கத்தான் போகிறேன். நீங்கள் பொன்னாடையோடு வரிசையில் நில்லுங்கள்.