அறிவுசார் மையத்தின் அறிவிப்புப் பலகை

நகராட்சி நடத்தும் படிப்பகமான எங்கள் ஊர் அறிவுசார் மையத்தின் வாசலில் காலை ஒன்பதரைக்கெல்லாம் செருப்புகள் இரண்டு வரிசை சேர்ந்துவிடுகின்றன. உள்ளே, மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கும் மேசைகளுக்குத்தான் போட்டி. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர்ப் பாடநூல்களை அடுக்கி வைத்துக்கொண்டு, பட்டம் முடித்தவர்கள் அரசுப் பணித் தேர்வுகளுக்காக மீண்டும் பள்ளிப் பாடம் படிக்கிறார்கள். துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் வார விடுமுறை நாளில் மட்டும் வந்து, மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டு மாலை வரை இருக்கிறார். வீட்டில் தனி அறை இல்லாதவர்களுக்கு இந்த நாற்காலி எவ்வளவு பெரிய உதவி என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சொத்து வரியோடு நூலக வரியை வசூலித்து நூலகத் துறைக்கு அனுப்புவதே நெடுங்காலமாக நகராட்சிகளின் வேலையாக இருந்தது. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாக அவை தாமே படிப்பகம் கட்டி நடத்த முன்வந்தது நல்ல மாற்றம்; இதில் எனக்குக் குறை ஏதும் இல்லை.

என் குறை அறிவிப்புப் பலகையைப் பற்றியது. அதில் ஒட்டப்பட்டிருப்பவை பெரும்பாலும் அரசுப் பணித் தேர்வு அறிவிப்புகளே. 2024-ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்களோ 20 லட்சத்துக்கும் மேல். கூடுதல் இடங்கள் பின்னர் சேர்க்கப்பட்டாலும், எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்க முடியும். அவர்களுக்கு அடுத்த வழியைச் சொல்வதும் இந்த மையத்தின் கடமை இல்லையா?

நிறுவனத்தில் வேலை செய்தபடியே தொழில் கற்பவர்களுக்கான தொழில் பழகுநர் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், தம் பணியாளர் எண்ணிக்கையில் குறைந்தது 2.5 விழுக்காடு பழகுநர்களை உதவித்தொகையுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது இப்போதைய விதி. அரசுப் பள்ளியில் படித்த பெண் ஐடிஐ எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். இவ்விரண்டையும் அந்த மேசைகளில் நான் கேட்டுப்பார்த்தபோது, நான்கு பேரில் ஒருவருக்கே ஓரளவு தெரிந்திருந்தது. ஐடிஐ என்றாலே மார்க் குறைந்த பையன்கள் போகும் இடம் என்று மற்றொருவர் சிரித்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாமும் வீட்டில் அப்படித்தானே பேசியிருக்கிறோம்.

தொழில் உரிமம் வழங்குவது நகராட்சி. எந்தத் தெருவில் எந்தப் பட்டறை, எந்தச் சாலையில் எந்த மருத்துவமனை என்ற பட்டியல் அதன் கையிலேயே உள்ளது. அவற்றுள் பழகுநர் எடுக்கக் கடமைப்பட்டவை எவை என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தோடு சேர்ந்து கண்டறிந்து, மாதம் ஒருமுறை அந்தப் பலகையில் ஒட்டுவதற்குப் புதிய கட்டடமோ தனி நிதியோ தேவையில்லை. மாலை ஆறு மணிக்குப் பூட்டுவதையும் இரவு ஒன்பது வரை தள்ளினால், கடைகளில் வேலை பார்ப்பவர்கள் விடுமுறை நாளுக்காகக் காத்திருக்க வேண்டியிராது.

வார்டு மக்கள் கூடும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இவ்விரண்டையும் மனுவாகக் கொடுக்க இருக்கிறேன். எங்கள் வார்டில் இருப்பவர்கள் கையெழுத்திட விரும்பினால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.