ஒரு கப் டீயும் ஒரு கேப்சூலும் ஒரே அளவா?

ஒரு கப் கிரீன் டீயில் கிடைக்கும் எல்-தியானினும் (தேயிலையில் இயற்கையாகவே இருக்கும் ஓர் அமினோ அமிலம்) 200 மில்லிகிராம் கேப்சூலில் இருப்பதும் ஒரே அளவு என்று சிலர் சொல்கிறார்கள். பொருள் ஒன்றுதான், சரி. ஆனால் அளவு ஒத்துவரவில்லை.

யாரை நம்புவது என்று குழம்ப வேண்டாம், டீ பேக் பெட்டியை எடுங்கள். நிகர எடையைப் பைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பைக்கு ஏறக்குறைய 2 கிராம் வரும். காய்ந்த தேயிலையின் எடையில் எல்-தியானின் பொதுவாக 1 முதல் 2 சதவீதம். அப்படியானால் ஒரு பையில் மொத்தமே 20 முதல் 40 மில்லிகிராம்தான். அதுவும் முழுசாக வெந்நீரில் இறங்கினால்! இரண்டு மூன்று நிமிடத்தில் பையைத் தூக்கிவிடுகிறோம், கோப்பையில் சேர்வது இன்னும் குறைவு. நிழலில் வளர்க்கும் மட்சா, கியோகுரோ போன்ற வகைகளில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

அப்புறம் கேப்சூல் புட்டியின் லேபிள். முன்பக்கத்துப் பெரிய எண்ணை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் 'ஒரு வேளைக்கு' என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். சில புட்டிகளில் ஒரு வேளை என்பது இரண்டு கேப்சூல்; அப்போது முன்பக்கத்து எண் இரண்டுக்கும் சேர்த்ததாக இருக்கலாம்.

கேப்சூல் வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி, அதற்குள் நான் போகவில்லை. டீயிலேயே 200 மில்லிகிராமை எட்ட நினைப்பவர்கள் மட்டும் கவனிக்கவும்: ஐந்து கோப்பைக்குக் குறையாமல் குடிக்க வேண்டியிருக்கும், அத்தனை கோப்பையின் காஃபினும் கூடவே உள்ளே போகும்.