44 பட்டமா? கணக்கு அப்படியில்லை

"என்சிஏஏ ஆண்கள் லக்ரோஸ் போட்டியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 44 முறை வென்றது, அதுதான் முதலிடம்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். (என்சிஏஏ என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு; லக்ரோஸ், வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்; இங்கே வரும் பெயர்கள் பல்கலைக்கழக அணிகள்.) 44 என்ற எண் சரி. ஆனால் அது இந்தப் போட்டியின் கணக்கு இல்லை.

நாக்-அவுட் போட்டி தொடங்கியதே 1971-ல்தான். முதல் கோப்பை கார்னெலுக்கு. மேரிலேண்டை 12–6 என்று வீழ்த்தியது. ஹாப்கின்ஸின் 35 பட்டங்கள் அதற்கு முந்தையவை, இறுதி ஆட்டமே இல்லாத காலத்தவை. களத்தில் வென்ற என்சிஏஏ கோப்பைகள் 9, கடைசியாக 2007-ல்.

முதலிடம் சிரக்யூஸுக்கு, 10 கோப்பைகள். 1990-லும் அவர்கள்தான் லயோலாவை 21–9 என்று நொறுக்கினார்கள். ஆனால் விதிமீறல் காரணமாக என்சிஏஏ அந்தப் பட்டத்தைப் பின்னர் ரத்து செய்துவிட்டது. அதனால்தான் சில இடங்களில் 11 என்று பார்ப்பீர்கள்.

அந்தப் பத்தாவது கோப்பையை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது: 2009 இறுதியில் கார்னெல் 9–8 என முன்னிலை, மீதி 4 விநாடி. தடுமாறி வந்த பந்தைச் சிரக்யூஸின் கென்னி நிம்ஸ் வலைக்குள் தள்ளினார். கூடுதல் நேரத்தில் 10–9. ஹாப்கின்ஸின் பழைய பெருமையைக் குறைக்கச் சொல்லவில்லை. இரண்டு கணக்கையும் தயவுசெய்து தனித்தனியாகப் போடுங்கள்.