சுவிஸ் மக்கள் எஃப்-35க்கு வாக்களிக்கவில்லை

"சுவிஸ் மக்களே வாக்களித்து எஃப்-35 என்ற அமெரிக்கப் போர் விமானத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்" என்ற கூற்று தவறு. 2020 செப்டம்பர் 27 வாக்கெடுப்பில் எந்த விமானத்தின் பெயரும் இல்லை. புதிய போர் விமானங்களுக்கு அதிகபட்சம் 600 கோடி ஃபிராங்க் செலவிடலாமா என்பதுதான் கேள்வி. ஆதரவு 50.1%, வித்தியாசம் பத்தாயிரம் வாக்குகூடக் கிடையாது. ரஃபேல், யூரோஃபைட்டர், சூப்பர் ஹார்னெட், எஃப்-35ஏ நான்கையும் சுவிட்சர்லாந்தின் பயேர்ன் விமானப்படைத் தளத்தில் 2019இலேயே பறக்கவிட்டுச் சோதித்திருந்தார்கள். 36 எஃப்-35ஏ என்று அரசு முடிவெடுத்தது 2021 ஜூன் 30இல்தான்.

2014இல் நடந்தது வேறு. அப்போது 22 கிரிப்பன் (ஸ்வீடன் போர் விமானம்) வாங்கும் நிதி என்று பெயர் சொல்லியே கேட்டார்கள், 53.4% பேர் நிராகரித்தார்கள். அதனால்தான் அடுத்த முறை பணத்தையும் விமானத்தையும் பிரித்தார்கள். எஃப்-35ஐ எதிர்த்து, மக்கள் வாக்கெடுப்பு கோரித் திரட்டிய கையெழுத்துகள் 2022 ஆகஸ்டில் அரசிடம் போய்ச் சேர்ந்தன. அந்தக் கோரிக்கை வாக்கெடுப்புக்கு வருமுன்பே செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது.